சம்பந்திக்குப் போட்ட மார்க்

ஆகஸ்ட் 25, திங்கள்

நேத்து எங்க மக பிருந்தாவைப் பொண்ணு பாக்க வந்தாங்க. மொத்தம் பதினாலு பேரு. பையன் பேரு ரகுநந்தன், ஓசூர்ல ஒரு மோட்டார் கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறான். அப்பா தங்கமுத்து, நம்ம கோயமுத்தூர்லயே பொன்னூஞ்சல் பார்சல் சர்வீஸ் நடத்தறார். பதினெட்டு லாரி ஓடுது.

நான் கிரைண்டர் கம்பெனில டெஸ்பாட்ச் மேனேஜர்னு சொன்னதும் தங்கமுத்து நாற்காலியை என் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டார். மாசம் எத்தனை பீஸ் போகுது, தெக்க எத்தனை, ஆந்திரா பக்கம் எத்தனை, இப்ப யாருகிட்ட புக் பண்றீங்கன்னு வரிசையாக் கேட்டார். இருபத்தாறு வருச சர்வீஸ்ல என் வேலையைப் பத்தி இவ்வளவு அக்கறையா விசாரிச்ச மனுசனை நான் பாத்ததில்ல. என் சம்சாரம் ருக்மணிகூட விசாரிச்சதில்ல. நல்ல குடும்பம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பிருந்தா என்ன படிச்சிருக்குதுன்னு கார்ல ஏர்றப்ப கேட்டார்.

அவரோட மூத்த மருமகளுக்கு அப்பா ஒரு பம்ப்செட் கம்பெனில டெஸ்பாட்ச். பொண்ணைக் கட்டிக் குடுத்த எடத்துச் சம்பந்தி ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர்ஸ் மேனேஜர். எல்லாருமே சரக்கு அனுப்பற வேலைல இருக்கறவங்களா அமைஞ்சிருக்குது. கடவுள் செயல்னுதான் சொல்லணும்.

பையனைப் புடிச்சிருக்கான்னு பிருந்தாகிட்டக் கேட்டேன். "ம்"னுச்சு. அந்த "ம்"முக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம்னு ருக்மணி சொன்னா. எனக்கு எல்லா "ம்"மும் ஒரே மாதிரிதான் கேக்குது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கம்பெனில மீட்டிங். இத்தனை வருசம் நாங்க லாரி சர்வீஸ் தேர்ந்தெடுத்த முறை என்னன்னா, எவன் வண்டி கேட்டுக்கு வெளிய நிக்குதோ அவனுக்கு லோடு. சின்ன முதலாளி மித்ரன் இனிமே அதெல்லாம் ஆகாதுன்னுட்டார். ஒரே சர்வீஸ், ஒரு வருசக் கான்ட்ராக்ட். போட்டிக்கு மூணு பேரு: எட்டுத்திக்கு ரோட்வேஸ், வாயுவேகம் எக்ஸ்பிரஸ், பொன்னூஞ்சல். மூணு பேருக்கும் ஆளுக்கு நாப்பது கிரைண்டர், ஒரே ஊருக்கு, திருநெல்வேலி டீலருக்கு அனுப்பிப் பாக்கணும். வாடகை, நேரம், ஒடைசல், போன் பண்ணினா எடுக்கறாங்களா, ஒடைஞ்சா ஈடு தர்றாங்களா. அஞ்சுக்கும் தலா இருபது மார்க்.

மார்க் போடறது நான். "நாச்சிமுத்தண்ணன் லாரிக்காரங்ககிட்டத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்கூட வாங்க மாட்டாருங்க"ன்னு மித்ரன் எல்லார் முன்னாடியும் சொன்னார். உண்மைதான். எனக்குச் சர்க்கரை.

பொன்னூஞ்சல்காரர் எனக்குச் சம்பந்தி ஆகப்போறவர்னு சொல்லத்தான் நெனச்சேன். நேரம் கெடைக்கல. மீட்டிங் ரெண்டு மணி நேரந்தான் நடந்துச்சு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

"சம்பந்திக்கே குடுத்துட்டா என்னுங்?"ன்னா ருக்மணி. மார்க் யாருக்கு வருதோ அவங்களுக்குத்தான்னு சொன்னேன். சரின்னுட்டு மாவு ஆட்டப் போயிட்டா.

செப்டம்பர் 4, வியாழன்

உப்புச் சர்க்கரை மாத்தி உறுதி பண்ணியாச்சு. எங்க வெள்ளித் தட்டுல உப்பு, சர்க்கரை, வெத்தலை பாக்கோட பிருந்தாவோட ஜாதக நோட்டையும் வெச்சு அவங்க கையில குடுத்தோம். கல்யாணம் தை இருபத்திரண்டு. மண்டபத்துக்கும் சொல்லியாச்சு. பிருந்தா சிரிச்ச மொகமா இருந்துச்சு. அதைப் பாத்ததுல எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு.

பந்தில எனக்கு ரெண்டு பக்கமும் தங்கமுத்துவோட மத்த ரெண்டு சம்பந்திங்க. பம்ப்செட் ஆறுச்சாமி ரசம் வர்ற வரைக்கும் வாயைத் தொறக்கல. அப்புறம் மெதுவா, "உங்குளுக்கு மாசம் எத்தன டன்னுங்?"ன்னார்.

"அறுவதுங்."

"எனக்கு நூத்திப்பத்து. அதுனாலதான் மூத்தவனைக் குடுத்தாரு."

மில்லுக்காரர் சிரிச்சார். நானும் சிரிச்சேன், எதுக்குன்னு தெரியல. ஒடைசல் வந்தா எப்படிச் சமாளிக்கறீங்கன்னு ஆறுச்சாமிகிட்டக் கேட்டேன்.

"சொந்தத்துக்குள்ள ஒடைசல் ஏதுங்? எங்க பேக்கிங்தான் சரியில்லைன்னு எழுதிருவனுங்"ன்னார். பாவம், நல்ல மனுசன். பாயசம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

மூணு லோடும் கெளம்பிருச்சு. எட்டுத்திக்குக்கும் வாயுவேகத்துக்கும் வழக்கமான அட்டைப்பெட்டி. பொன்னூஞ்சலுக்கு மட்டும் அட்டைப்பெட்டியைச் சுத்தி வைக்கோல் திணிச்சு, வெளிய நாலு பக்கமும் மரச்சட்டம் அடிச்சு அனுப்பினேன். மழை வரும்னு நியூஸ்ல சொன்னாங்க.

"மழை மூணு வண்டிக்கும் பொதுதானுங்களே சார்?"னு பேக்கிங்ல இருக்கற வசந்தாமணி கேட்டுச்சு. பேக்கிங்கைப் பத்தி அதுக்கு என்ன தெரியும். பத்தொம்பது வருசமாத்தான் பண்ணிட்டு இருக்குது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை வரல.

செப்டம்பர் 10, புதன்

திருநெல்வேலி டீலர் பால்துரை அண்ணாச்சி போன் பண்ணினார். எட்டுத்திக்கு சரக்கு காலைல கடை தொறக்கறப்பவே வந்து நின்னுச்சாம். ஒரு கீறல் இல்ல. வாயுவேகமும் மத்தியானம் வந்துருச்சு, ரெண்டு ஒடைசல். ஒடைசலைச் சொல்லலாம்னு வாயுவேகம் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பாட்டு வந்துச்சு, ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னுச்சு, கடைசியா ஒம்பதை அமுக்கினா மறுபடி அதே பாட்டு. அரை மணி நேரம் கேட்டேன். போனுக்கு இருபதுக்கு ரெண்டு.

பொன்னூஞ்சல் லோடு சேலத்துல இருக்குது. திருநெல்வேலி நமக்குத் தெக்க. சேலம் வடகெழக்க. தங்கமுத்துகிட்டக் கேட்டேன்.

"நம்ம பெரிய குடோன் அங்கதானுங் சம்பந்தி. எந்த ஊருச் சரக்கா இருந்தாலும் சேலம் போயித்தான் பிரியோணும். ஒரு எட்டு சுத்திட்டு வரட்டுமே, என்னுங் இப்ப?"

செப்டம்பர் 15, திங்கள்

சேலம்.

செப்டம்பர் 17, புதன்

போய்ச் சேந்துருச்சு. நாப்பதுல முப்பத்தொண்ணு காலி.

"மேனேஜரே, நான் கல்லுல்லா கேட்டேன். நீரு சல்லி அனுப்பியிருக்கீரு. இதை வச்சு மாவாட்டவா, ரோடு போடவா?"ன்னார் அண்ணாச்சி.

சேலம் குடோனுக்குப் போன் போட்டு லோடுமேனைக் கூப்பிட்டு என்னய்யா நடந்துச்சுன்னு சத்தம் போட்டேன். அவன் ரொம்பப் பொறுமையாச் சொன்னான்.

"அட்டைப்பெட்டியா இருந்தா ஒடையற சாமான்னு மேல வெச்சிருப்போமுங். இது மரச்சட்டம் அடிச்சு வந்துச்சு. சட்டம் அடிச்சா இரும்புச் சாமானுங், எத்தன பாரம்னாலும் தாங்கும். அதான் அடில போட்டு மேல ரெண்டு டன் கம்பிச் சுருள் ஏத்திட்டோம்."

பெட்டி மேல "கண்ணாடி போல் கையாளவும்"னு எழுதியிருந்துச்சேன்னேன். அதைச் சட்டம் மறைச்சிருச்சுன்னான். சட்டம் அடிச்சது நான்.

சாயங்காலம் வசந்தாமணி ரிப்போர்ட்டைப் பாத்துச்சு. "மழைங்களா சார்?"னுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா அது சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல.

செப்டம்பர் 18, வியாழன்

மித்ரன்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். சம்பந்தம், உப்புச் சர்க்கரை, மரச்சட்டம், வராத மழை. வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரின்னு நின்னேன். அவர் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சார்.

"அண்ணே, ஒத்தாசை பண்ணியே கவுத்துட்டீங்களே அந்த மனுசனை"ன்னார்.

அந்த லோடு கணக்குல வராது, சாதா அட்டைப்பெட்டில இன்னொரு நாப்பது அனுப்புங்கன்னுட்டார். மார்க் வேற யாராவது போடட்டும்னேன். "நீங்களே போடுங்க. இனிமே நீங்க யாருக்கும் ஒத்தாசை பண்ண மாட்டீங்க"ன்னார். சின்ன வயசுதான், ஆனா வெவரம்.

செப்டம்பர் 19, வெள்ளி

அட்டைப்பெட்டி நாப்பது பொன்னூஞ்சல்ல ஏத்தியாச்சு. பேக்கிங் பக்கமே நான் போகல.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்னிக்குத்தான் போய்ச் சேந்துச்சு. ஒம்பது நாள். ஒடைசல் ஒண்ணே ஒண்ணு. சேலத்துல ஒரு தூணுக்குப் பின்னால வெச்சுட்டு மறந்துட்டாங்களாம். அண்ணாச்சிக்குக் கல்யாணச் சீர் ஆர்டர் ரெண்டு கைவிட்டுப் போச்சு. இந்தத் தடவை அவர் கேலியே பண்ணல. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

எல்லா எடத்துலயும் மார்க் போட்டுட்டேன், பொன்னூஞ்சலுக்கு நேரம்ங்கற கட்டம் மட்டும் பாக்கி. அங்க பதினஞ்சு போட்டா அவருக்குக் கான்ட்ராக்ட் வந்துருமான்னு கூட்டிப் பாத்தேன். வராது. இருபது போட்டாலும் வராது. வாடகைல கொஞ்சம், ஒடைசல்ல கொஞ்சம், ஈடுல கொஞ்சம் ஏத்தினா வரும். சும்மா கணக்குத்தான் போட்டுப் பாத்தேன். ஏழு தடவை.

பிருந்தா வந்து எதுக்க உக்காந்துச்சு.

"ஏனுங்ப்பா, காலைல இருந்து அந்தத் தாளையே பாத்துட்டு இருக்கறீங்க?"

"உனக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதல்ல கண்ணு?"

"புடிச்சிருக்குதுங்ப்பா. ரொம்ப."

இந்தத் தடவை "ம்" இல்ல. வெவரமாவே சொல்லிருச்சு. இதுல கம்மியாப் போட்டா அவங்கப்பா என்ன பண்ணுவாரோ தெரியாது கண்ணுன்னேன்.

"ஜாஸ்தியாப் போட்டா நான் அந்த ஊட்டுல உங்க அறுவது டன்னாத்தான் இருப்பேன். நாளைக்கு லோடு நின்னுதுன்னா என்னையும் எறக்கி வெச்சுருவாங்க. எனக்காக ஒரு மார்க்கும் ஏத்தாதீங்ப்பா."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போன வருசம் அவரு ஓசூருக்கு ஊடு மாத்தினப்ப பைக்கையும் ஃபிரிட்ஜையும் எதுல போட்டு அனுப்பினாருன்னு தெரியுங்களா?"ன்னுச்சு.

"எதுல?"

"எட்டுத்திக்குல. அவங்கப்பாகிட்டச் சொல்லிராதீங்க."

குவாலிட்டி செக்கிங்ல இருக்கற பையன். அந்த நிமிசமே எனக்கு அவன் மேல மரியாதை வந்துருச்சு.

நேரத்துக்கு மூணு போட்டேன். ஒம்பது நாளுக்கு சைபர்தான் போடணும். போய்ச் சேந்துச்சேங்கறதுக்காக மூணு.

செப்டம்பர் 29, திங்கள்

தாளைக் குடுத்துட்டேன். எட்டுத்திக்கு எம்பத்தஞ்சு, வாயுவேகம் அம்பத்தெட்டு, பொன்னூஞ்சல் நாப்பத்தொண்ணு. கான்ட்ராக்ட் எட்டுத்திக்குக்கு. மார்க் தாளோட காப்பி மூணு சர்வீஸுக்கும் போச்சு.

அக்டோபர் 3, வெள்ளி

தங்கமுத்து போன் பண்ணினார். ஏனுங் சம்பந்தின்னு ஆரம்பிக்கல. நேரா விசயத்துக்கு வந்துட்டார்.

"சொந்தம்னு நெனச்சு உங்க ஊட்டு வாசப்படி ஏறுனனுங். நீங்க எனக்கு மார்க் போட்டுட்டு உக்காந்திருக்கறீங். இருபதுக்கு மூணா? பள்ளிக்கூடத்துலகூட நான் மூணு வாங்குனதில்லீங். இந்தச் சம்பந்தம் வேண்டாமுங். உங்க தட்டும் ஜாதகமும் ஊடு வந்து சேரும்."

வெச்சுட்டார்.

பிருந்தா தட்டுல போட்ட சோத்தை அப்படியே மூடி வெச்சுட்டு ரூமுக்குப் போயிருச்சு. ருக்மணி அழுது ஓஞ்சதுக்கப்புறம் மூக்கைத் தொடச்சுட்டு ஒரு சட்டம் சொன்னா. உறுதி பண்ணின தட்டு திரும்பி நம்ம வாசப்படி தாண்டி உள்ள வந்தாத்தான் சம்பந்தம் முறிஞ்சதா அர்த்தமாம். அதுவரைக்கும் போன்ல ஆயிரம் பேசினாலும் பிருந்தா உறுதியான பொண்ணுதானாம். ஜாதக நோட்டும் அந்தத் தட்டோடதான் இருக்குது, அது இல்லாம வேற எடமும் பாக்க முடியாது.

நான் செஞ்சது சரிதான். சரியானதைச் செஞ்சா நல்லாத் தூக்கம் வரும்னு சொல்வாங்க. எனக்கு வரல.

அக்டோபர் 4, சனி

ரகுநந்தன் ஓசூர்ல இருந்து கூப்பிட்டான்.

"மாமா, தட்டைக் கொண்டுட்டுப் போயிக் குடுக்கச் சொல்லி அப்பா எல்லாரையும் கேட்டாருங். ஆறுச்சாமி மாமாகூட மாட்டேன்னுட்டாரு. கடைசில நேத்துச் சாயங்காலம் நம்ம சர்வீஸ்லயே பார்சல் போட்டுட்டாருங்."

அவங்க ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் பதினோரு கிலோமீட்டர்.

"எந்த வழியாத் தம்பி வருது?"

"சேலம் வழியாத்தானுங் மாமா. நீங்க கவலைப்படாதீங்க. நாள் இருக்குதுங்."

அக்டோபர் 6, திங்கள்

வரல.

அக்டோபர் 7, செவ்வாய்

வரல. வாசல்ல பெல் அடிச்சா பிருந்தா ரூம் கதவைச் சாத்திக்குது. இன்னிக்குக் கேஸ்காரன் வந்தான். அதுக்கும் சாத்திக்கிச்சு.

அக்டோபர் 8, புதன்

ஆபீஸ்ல இருக்கறப்ப சேலம் குடோன் கிளார்க் கூப்பிட்டான்.

"சார், உங்க பேர்ல சின்னப் பார்சல் ஒண்ணு இருக்குதுங். நாலாம் தேதியே வந்துருச்சு. இன்னிக்குக் கோயமுத்தூர் வண்டி ரெடியா நிக்குது, ஏத்தி உட்டுரட்டுங்களா? நாளைக்குக் காலைல ஊட்டுல இருக்கும்."

பொன்னூஞ்சல்ல இருந்து அவங்களாக் கூப்பிட்டுத் தகவல் சொன்னது இதுதான் முதல் தடவை. இந்தச் சுறுசுறுப்பைக் கிரைண்டருக்குக் காட்டியிருக்கலாம்.

"ஏத்த வேண்டாம் தம்பி. அங்கயே இருக்கட்டும்."

"ஏழு நாளுக்கு மேல வெச்சா குடோன் வாடகை ஆகுமுங் சார்."

"ஆகட்டும். நான் கட்டிக்கறேன்."

"எது வரைக்குமுங்?"

"தை மாசக் கடைசி வரைக்கும்."

"ஒடையற சாமானுங்களா சார்?"னான்.

"ஆமா. மேலயே வெய்யி. கம்பிச் சுருள் பக்கம் கொண்டு போயிராத."

இதை ருக்மணிகிட்டச் சொல்லல. பிருந்தாகிட்டயும் சொல்லல. ஒரு சரக்கைப் போக விடாம நான் நிறுத்தி வெச்சது என் சர்வீஸ்லயே இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 12, ஞாயிறு

சம்பந்தியம்மா ருக்மணிக்குப் போன் பண்ணி, தட்டு வந்துருச்சான்னு கேட்டாங்களாம். இல்லீங்கன்னு சொன்னதும் "அப்பாடா"ன்னுட்டு வெச்சுட்டாங்களாம்.

அக்டோபர் 16, வியாழன்

காலைல தங்கமுத்து வந்தார். தனியா, பைக்ல. வாசல்லயே நின்னார். வாங்க உக்காருங்கன்னேன். உக்காந்தார். மின்விசிறியைப் பாத்தார், காலண்டரைப் பாத்தார். அப்புறம் கேட்டார்.

"தட்டு வந்துச்சுங்களா?"

"இல்லீங்."

"பதிமூணு நாளாச்சுங்."

"ஆமாங்."

"சேலத்துல கேக்கலாம்னு போனை எடுப்பனுங். மொதலாளி சாமானே தொலைஞ்சு போச்சுன்னு பசங்க சிரிப்பானுங்கன்னு மறுபடி வெச்சுருவனுங்."

அவர் துண்டால மொகத்தைத் தொடச்சுக்கிட்டார்.

"நேரத்துக்கு எனக்கு எத்தன போட்டிருந்தீங்? மூணுதானுங்களே?"

"இருபதுக்கு மூணுங்."

"மூணே ஜாஸ்திதானுங் சம்பந்தி."

சம்பந்தின்னு மறுபடி கூப்பிட்டுட்டார். ருக்மணி அடுப்படில பாத்திரத்தைக் கீழ போட்டா.

"பையன் எங்கிட்டப் பேசறதே இல்லீங். இந்தப் புள்ளைதான் வேணுங்கறான். நான் உங்க டன்னைப் பாத்துத்தானுங் வந்தேன், பொய் சொல்லி என்ன ஆகப்போவுது. அவன் புள்ளையைப் பாத்துட்டான். தை இருபத்திரண்டை அப்படியே வெச்சுக்கலாமுங்களா? அந்தத் தட்டு எங்க போச்சோ போகட்டும், புதுசா ஒண்ணு நான் வாங்கித் தர்றேன்."

அவர் கண்ணு கலங்கிருச்சு. சொந்த சர்வீஸையே நம்ப முடியாமப் போறது ஒரு மனுசனுக்கு லேசான விசயமில்ல.

நியாயமாப் பாத்தா, அவர் போட்ட பார்சல் மறுநாளே சேலம் வந்துருச்சு. ஒடைசல் இல்ல. கிளார்க் தானாக் கூப்பிட்டுத் தகவல் சொன்னான். தாமதம் அத்தனையும் என்னுது. அந்த ஒரு புக்கிங்குக்கு மட்டும் நேரத்துக்கு இருபதுக்குப் பதினேழு போடலாம். அதைச் சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன்.

பிருந்தா காபி கொண்டு வந்து அவர் கையில குடுத்துட்டு, கதவைப் புடிச்சுட்டு நின்னுச்சு. பதிமூணு நாளுக்கப்புறம் இன்னிக்குத்தான் தலை சீவி பூ வெச்சிருந்துச்சு.

"சர்க்கரை போதுமுங்களா?"ன்னு அவர்கிட்டக் கேட்டேன்.